டிஷ்யூ ஒட்டிக்கொண்ட நாள்

பெட்ரோல் இன்ஜினை ஒரு பெட்டிக்குள் அடைத்து, அந்தப் பெட்டியைப் படகின் நடுவில் வைத்து, அதைச் சுற்றி மெத்தை போட்டு ஆட்களை உட்கார வைப்பார்கள் என்று தூத்துக்குடியில் இருந்தவரை எனக்குத் தெரியாது. அங்கே நான் தொழில் பழகியதெல்லாம் விசைப்படகு டீசல் இன்ஜினில். பெட்ரோல், மண்ணெண்ணெய் என்றால் அது வெளியே தொங்கும் அவுட்போர்டு மோட்டார்தான், ஒழுகினாலும் காற்றோடு போய்விடும். டீசல் ஒழுகினால் வழுக்கும், நாறும், கந்தலைப் போட்டுத் துடைப்போம், அவ்வளவுதான். இன்ஜின் ரூமில் டீசல் வாடை இல்லாத நாளே கிடையாது என்பதால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதையே விட்டுவிட்டது.

2011இல் சிங்கப்பூர் வந்து புங்கோல் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் சேர்ந்தேன். ஜொகூர் நீரிணையில் வார இறுதிகளில் வேக்போர்டும் ஸ்கீயும் ஓட்டுகிறவர்களின் படகுகள் எங்களிடம் வரும். ஓடும் படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பலகைமேல் நின்று தண்ணீரில் சறுக்கும் விளையாட்டுகள் அவை. பெரும்பாலும் அமெரிக்காவில் கட்டியவை. அங்கே ஃபுளோரிடா மாதிரி இடங்களில் நன்னீர் ஏரிகளை மனதில் வைத்து வடிவமைத்த படகுகள் இவை. பழைய ஸ்கீ படகில் இன்ஜின் நட்ட நடுவில் இருக்கும், ஷாஃப்ட் நேராகப் பின்னால் போகும். எடை நடுவில் இருந்தால்தான் பின்னால் எழும் அலை தாழ்வாக, ஸ்கீ ஓட்டுகிறவனுக்கு வாகாக இருக்கும். 5.8 லிட்டர் ஃபோர்டு வி8, மேலே நான்கு பேரல் கார்புரேட்டர். சத்தமே தனி சுகம். முதல் நாள் அந்த இன்ஜினைப் பார்த்தபோது இதில் நமக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

தெரியாதது அந்தப் பெட்டிக்குள் இருந்த காற்று.

ஸ்டீரிங் பக்கத்தில், சாவிக்கு மேலே, ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். பெட்ரோல் ஆவி வெடிக்கும், இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ப்ளோயரை நாலு நிமிடம் ஓட்டு, பிறகு இன்ஜின் பெட்டியின் அடித்தளத்தில் பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று பார் என்று அதில் எழுதியிருக்கும். ப்ளோயர் என்பது இன்ஜின் பெட்டிக்குள் இருக்கும் காற்றை இழுத்து வெளியே தள்ளும் சின்ன மின்விசிறி. 1980 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவில் கட்டப்படும் இந்த மாதிரிப் படகுகளுக்கு ப்ளோயரும் கட்டாயம், இந்த எச்சரிக்கையும் கட்டாயம். நாலு நிமிடம் என்பது படிக்கும்போது ஒன்றுமே இல்லை. சாவியில் கை வைத்துக்கொண்டு, பின்னால் நாலு பேர் போகலாமா போகலாமா என்று கேட்கும்போது அது ரொம்ப நீளம். பெரும்பாலானவர்கள் சுவிட்சைப் போடுவார்கள், உர்ர் என்று சத்தம் வரும், பத்து விநாடியில் சாவியைத் திருப்பிவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

பட்டறையில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் இருந்தார். எல்லோரும் பாக்சிக் என்று கூப்பிடுவோம், நம்ம ஊரில் பெரியவர்களை மாமா என்பது மாதிரி. என்னை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார், அந்த ஒரு தமிழ் வார்த்தை அவருக்குத் தெரியும். அவருடைய வேலை வரிசையே வேறு. படகில் ஏறியதும் சுவிட்சைத் தொடமாட்டார். முதலில் இன்ஜின் பெட்டியின் மூடியைத் திறப்பார், முழங்கால் போட்டுக் குனிந்து, தலையை இன்ஜினுக்குக் கீழே வரை கொண்டுபோய் மோந்து பார்ப்பார். அதற்கு அப்புறம்தான் ப்ளோயர். அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் பார்ப்பார், பெல்ட்டை அழுத்திப் பார்ப்பார், கயிற்றைச் சுருட்டுவார். நாலு நிமிடம் தானாகக் கரைந்துவிடும். பிறகு இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டு சாவி.

ஏன் முதலில் மோந்து பார்க்கிறீர்கள், காற்றை வெளியே தள்ளிய பிறகு பார்த்தால் போதாதா என்று கேட்டேன். அவர் சொன்னது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. தம்பி, ப்ளோயர் ஓடினால் வாடை போய்விடும், ஒழுகுவது போகாது. வாடை போவதற்கு முன்னால் அது இருந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இவ்வளவு சொல்லிக் கொடுத்த மனிதர் பக்கத்தில் இருந்தும் அந்தத் தவறு என் கையில்தான் நடந்தது.

தொண்ணூறுகளில் கட்டிய ஒரு ஸ்கீ படகு, ப்ளோயர் ஓடவில்லை என்று வந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே உப்பு பூத்து மோட்டார் இறுகியிருந்தது, உப்புத் தண்ணீரில் ஓடும் படகுக்கு இது வழக்கமான வியாதி. புதியதை வாங்கி மாட்டினேன். படகிலிருந்து வந்த ஒயர்கள் இரண்டு, ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு புதிய படகில் வேலை செய்திருந்தேன், அதில் மஞ்சள் ஒயர் நெகட்டிவ். பழைய அமெரிக்கப் படகுகளில் மஞ்சள் என்றால் ப்ளோயருக்கு வரும் பாசிட்டிவ். மஞ்சளை நெகட்டிவுக்குக் கொண்டுவந்த படகுகளில் ப்ளோயர் ஒயருக்குப் பழுப்பில் மஞ்சள் கோடு போட்டதை கொடுக்கிறார்கள். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது, மீட்டரை எடுத்து வைத்துப் பார்க்கவும் இல்லை. போன வாரம் பார்த்த நிறத்தை நம்பி இணைத்துவிட்டேன். சுவிட்சைப் போட்டேன், உர்ர் என்று அழகாக ஓடியது, பில் போட்டு அனுப்பியாயிற்று.

டிசி மோட்டாருக்கு ஒயரை மாற்றிக் கொடுத்தால் அது நிற்காது, தலைகீழாகச் சுற்றும், சத்தம் அதேதான். குழாயின் நடுவே வைக்கும் அந்த ரக ப்ளோயரில் விசிறி தலைகீழாகச் சுற்றினால் காற்றும் தலைகீழாக வரும். அதாவது பெட்டிக்குள்ளிருந்து ஆவியை இழுத்து வெளியே விட வேண்டியது, வெளிக்காற்றை இழுத்துப் பெட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த ஆவிக்குப் போக வழி வேண்டுமே, அது தரை விரிப்பின் இடுக்கு வழியாகவும் பெட்டியின் மூடி ஓரம் வழியாகவும் ஆட்கள் கால் வைத்திருக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் படகு திரும்ப வந்தது. ப்ளோயர் போட்டால் காலடியில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, முன்பு இப்படி இல்லை என்றார் உரிமையாளர். அந்த இரண்டு வாரத்தில் இரண்டு தடவை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். பாக்சிக் ப்ளோயரைப் போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு டிஷ்யூவை எடுத்து, படகின் பக்கவாட்டில் காற்று வெளியே வரும் துவாரத்துக்கு முன்னால் பிடித்தார். அது பறக்க வேண்டும். பறக்கவில்லை. துவாரத்தின் சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டது, கையை எடுத்த பிறகும் விழாமல் அப்படியே இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அந்த டிஷ்யூவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவிட்சை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் திறந்தோம். கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் ஹோஸ் மேலே பார்க்க நன்றாக இருந்தது. அதை லேசாக வளைத்தபோது கிளிப்புக்குப் பக்கத்தில் தலைமுடி அளவுக்கு வெடிப்புகள் வாய் திறந்தன, அதில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. கீழே தேங்கியிருந்த தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். அந்த ஒழுகல் எப்போது தொடங்கியதோ, ப்ளோயர் சரியாக ஓடியிருந்தால் அந்த ஆவியை அது வெளியே கொண்டுபோயிருக்கும். நான் மாட்டிக் கொடுத்தது அதைப் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்குக் கொண்டுபோனது. அன்று ராத்திரி தங்குமிடத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், அதனால் மேலே எழும்பிப் போகாது, தண்ணீர் மாதிரி அடியில் போய்த் தேங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு கன மீட்டர் பெட்டி என்றால் 14 லிட்டர் ஆவி. திரவமாகப் பார்த்தால் அது எழுபது மில்லி பக்கம்தான் வருகிறது, டீக்கடைச் சின்னக் கிளாஸ்கூட நிறையாது. டீசல் பற்றும் அளவுக்கு ஆவி விட ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே விட ஆரம்பித்துவிடும். டீசலில் வளர்ந்த எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆவி அடியில் தேங்குவதால்தான் ப்ளோயர் இழுக்கும் குழாயின் வாய் பெட்டியின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதற்காக ரொம்பக் கீழேயும் இறக்கக் கூடாது, அடியில் தேங்கும் தண்ணீர் வாயை அடைத்துக்கொண்டால் ஒரு துளி காற்றும் வராது. நடைமுறையில் நான் பார்க்கும் பாதிப் படகுகளில் இந்தக் குழாய்தான் கெட்டுக் கிடக்கிறது. கம்பிச் சுருள் வைத்த மெல்லிய குழாய் அது. லைஃப் ஜாக்கெட்டை அதன்மேல் திணிப்பார்கள், நசுங்கிவிடும். தண்ணீர் பம்ப்புக்குள் சுற்றும் இம்பெல்லரை மாற்ற வருகிறவர் இடைஞ்சலாக இருக்கிறது என்று பிடுங்கிவிட்டு மறந்துபோவார். கிளிப் துருப்பிடித்துக் குழாய் கழன்று மேலேயே தொங்கும். அப்போது ப்ளோயர் மேலே இருக்கும் நல்ல காற்றை இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும், டிஷ்யூவும் நன்றாகப் பறக்கும், அடியில் இருக்கும் ஆவி அங்கேயே இருக்கும். அதனால் டிஷ்யூ மட்டும் போதாது, டார்ச் அடித்துக் குழாயின் கீழ் முனையைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குப் பயப்படுகிறவர்கள் மத்தியான ஸ்டார்ட்டுக்குப் பயப்படுவதில்லை. எனக்கு மத்தியானம்தான் பயம். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு நிறுத்திச் சாப்பிடுகிறார்கள். இன்ஜின் நின்றதும் குளிர்விக்கும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும், சூடு மேலே ஏறி கார்புரேட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் கொதிக்கிற நிலைக்கு வரும், ஆவி பெட்டிக்குள் இறங்கும். இருபது நிமிடம் கழித்து, இப்போதுதானே ஓடியது என்று ப்ளோயர் இல்லாமலே சாவியைத் திருப்புவார்கள். அதே மாதிரி தண்ணீரில் விழுந்தவரைத் தூக்க மெதுவாகப் போகும்போதும் ப்ளோயர் ஓட வேண்டும், வேகமாகப் போனால்தான் முன் துவாரங்கள் வழியாகக் காற்று தானாகப் புகுந்து போகும். பெட்ரோல் அடிக்கும்போது மட்டும் நேர்மாறு. எல்லாவற்றையும் அணைத்து, மூடிகளையும் மூடிவிட்டு அடிக்க வேண்டும், அடித்து முடித்த பிறகுதான் திறந்துவைத்து ப்ளோயர்.

ஒரு வாடிக்கையாளரோடு எனக்குச் சண்டையே வந்திருக்கிறது. கார் ஆல்டர்நேட்டர் பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கிறது, விலை பாதிக்கும் கீழே, அதையே மாட்டு என்றார். படகுக்கு வரும் ஆல்டர்நேட்டரும் ஸ்டார்ட்டரும் ப்ளோயர் மோட்டாரும் உள்ளே பொறி பறந்தாலும் அது வெளியே இருக்கும் ஆவியைப் பற்ற வைக்காதபடி செய்தவை, அந்த முத்திரை அதில் இருக்கும். கார் சாமானில் அது கிடையாது, காருக்குக் கீழே திறந்த வெளி இருக்கிறது, தேவையும் இல்லை. எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. என்னால் முடியாது, வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். முதலாளிக்குக் கோபம்தான், ஆனாலும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

பாக்சிக் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது ராமநாதபுரத்திலிருந்து ஒரு பையன் என்னிடம் வேலை பழகுகிறான், அவனும் டீசலில் வளர்ந்தவன். முதல் வாரம் முழுக்க அவனை மோந்து பார்க்க மட்டும்தான் விட்டேன். சங்கடப்பட்டான், அண்ணே இதெல்லாம் ஒரு வேலையா என்றான். நான் ஒரு பழைய ஹோஸ் துண்டை அவன் கையில் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொன்னேன். அந்தப் படகில் கழற்றியதுதான், இன்னும் என் டூல் பாக்ஸில் கிடக்கிறது. வெடிப்பைப் பார்த்துவிட்டு நகத்தால் சுரண்டிப் பார்த்தான், அதற்கப்புறம் கேட்கவில்லை.

அந்தப் படகு இன்னமும் எங்களிடம்தான் வருகிறது, பிள்ளைகள் வளர்ந்து அவர்களே ஓட்டுகிறார்கள். போன மாதம் இம்பெல்லர் மாற்ற வந்திருந்தது. வேலைச் சீட்டில் ப்ளோயரைப் பற்றி ஒன்றும் இல்லை. பெட்டியைத் திறந்து குனிந்து பார்த்தேன், வாடை இல்லை, அடித்தளம் காய்ந்திருந்தது. டார்ச் அடித்தபோது குழாயின் கீழ்க் கிளிப் ஒன்று பச்சை பூத்து இற்றுப்போய் இருந்தது. வேறு கிளிப் போட்டு இறுக்கினேன், அதை பில்லில் சேர்க்கவில்லை.