இடுப்பு மடிப்பும் எலுமிச்சைத் தண்ணீரும்

பெண்கள் பத்திரிகை ஒன்றில் பக்க வடிவமைப்பு வேலையில் சில வருஷம் இருந்தேன். எந்தப் பத்திரிகை என்பது வேண்டாம், பெரும்பாலும் எல்லா இடத்திலும் இதே கதைதான். அட்டைப்படம் எப்படி அவ்வளவு அழகாக வருகிறது என்று கேட்பவர்கள் மேக்கப்பைத்தான் நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். மேக்கப் அதில் கால்வாசிதான்.

படப்பிடிப்பிலேயே வேலை ஆரம்பமாகிவிடும். ரவிக்கையை முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்து வரிசையாகக் கிளிப் போட்டிருப்பார்கள், முன்பக்கம் பார்த்தால் தைத்த கை தங்கக் கை என்று தோன்றும். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, எடையை ஒரு காலில் போட்டு, வயிற்றை உள்ளே இழுத்து, சிரிக்கவும் சொல்வார்கள். அப்புறம் கம்ப்யூட்டர். ஃபோட்டோஷாப்பில் லிக்விஃபை என்று ஒரு வசதி இருக்கிறது. வட்டமான பிரஷ்ஷை இடுப்போரம் வைத்து மெல்லத் தள்ளினால் பிசைந்த மாவு மாதிரி இடுப்பு உள்ளே போகும். கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டால் பின்னால் இருக்கும் கதவு நிலையும் கூடவே வளையும், புடவையின் ஜரிகை கோணிக்கொள்ளும், அதையெல்லாம் உட்கார்ந்து நிமிர்த்த வேண்டும் (ஒரு படம் செதுக்கப்பட்டதா என்று பார்க்க இன்றைக்கும் நான் ஆளைப் பார்ப்பதில்லை, பின்னால் இருக்கும் ஜன்னல் கம்பியைத்தான் பார்ப்பேன்). அக்குள் மடிப்பு, கழுத்து ரேகை, முழங்கைக் கறுப்பு, ரவிக்கைக்கும் கொசுவத்துக்கும் நடுவில் விழுகிற அந்த ஒற்றை மடிப்பு, எல்லாம் போய்விடும். திரும்பினாலோ உட்கார்ந்தாலோ யாருக்கும் விழும் மடிப்பு அது. ஒல்லிக்குச்சியாக இருப்பவர்களுக்கும் விழும். கடைசியாக நிறம், 'கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணிடு' என்ற ஒரு வரியோடு அது முடிந்துவிடும். அந்தப் பளிச்சைப் பற்றி மட்டும் தனியாக எழுதலாம், இன்னொரு நாள்.

எனக்கு உறுத்தியது இதுகூட இல்லை. அதே இதழின் உள்ளே, அதே நடிகையின் பேட்டி வரும், 'என் ஃபிட்னஸ் ரகசியம்' என்று. காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சையும் தேனும், ராத்திரி ஏழு மணிக்கு மேல் எதுவும் இல்லை, வாரத்தில் ஐந்து நாள் யோகா. பாவம், அவர் உண்மையாகவே அதையெல்லாம் செய்திருக்கலாம். ஆனால் அட்டையில் இருக்கும் இடுப்பு எலுமிச்சைத் தண்ணீரில் வந்ததில்லை, எங்கள் மேசையில் மவுஸைப் பிடித்து இழுத்ததில் வந்தது. திருவாரூரிலோ தேனியிலோ ஒருத்தி பேட்டியைப் படித்துவிட்டு மூன்று மாசம் எலுமிச்சைத் தண்ணீர் குடித்து, ராத்திரி சாப்பாட்டை விட்டு, கண்ணாடி முன்னால் நின்று பார்த்து, தன்னிடம்தான் ஏதோ கோளாறு, தனக்குத்தான் மனக்கட்டுப்பாடு இல்லை என்று நினைத்துக்கொள்வாள். அந்த இடுப்பு அந்த நடிகைக்கே கிடையாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? 2003இல் பிரிட்டிஷ் ஜிக்யூ பத்திரிகையின் அட்டையில் கேட் வின்ஸ்லெட்டின் கால்களைக் குறைத்துப் போட்டார்கள். என்னைக் கேட்காமல் செய்தது, நான் அப்படி இல்லை, அப்படி இருக்க ஆசையும் இல்லை என்று அவரே வெளியில் சொன்னார். அதைச் சொல்லவே ஒரு டைட்டானிக் நாயகியாக இருக்க வேண்டியிருக்கிறது. புது முகமாக இருந்தால் வாயைத் திறக்க முடியுமா?

அந்தக் காலப் பத்திரிகைகளிலும் இடுப்பு இருந்தது என்பார்கள். இருந்தது, யார் இல்லையென்றது. ஜெயராஜ் வரைந்த பெண்களையும் மாருதி வரைந்த பெண்களையும் பார்த்துத்தான் நம் அம்மாக்கள் வளர்ந்தார்கள். ஆனால் ஓவியம் ஓவியமாகவே தெரிந்தது, கதாநாயகி என்ன சாப்பிடுகிறாள் என்று பக்கத்திலேயே பேட்டி வரவில்லை. புகைப்படம்தான் 'இது நிஜம்' என்று சத்தியம் செய்கிறது.

படம் பார்த்தா பெண்கள் கெட்டுப்போகிறார்கள், அதெல்லாம் சும்மா என்று சொல்பவர்களுக்கு ஃபிஜித் தீவில் நடந்ததைச் சொல்வேன். பத்திரிகை இல்லை, டிவி, ஆனால் சங்கதி ஒன்றுதான். அங்கே நாட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல்தான் டிவி வந்தது. அதுவரை அந்த ஊர்க்காரர்களுக்கு நல்ல வாட்டசாட்டமான உடம்புதான் அழகு, இளைத்துப்போனால் வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். நம் பாட்டிகள் வாசலிலேயே நிறுத்தி 'என்னடி இப்படி இளைச்சுட்டே' என்று கேட்பார்களே, ஏறக்குறைய அதே மனசு. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் டிவி வந்த சில வாரங்களிலும், திரும்ப 1998லும் பள்ளிக்கூடப் பெண்களிடம் கேட்டுப் பார்த்தார். எடை ஏறக்கூடாது என்பதற்காகச் சாப்பிட்டதை வாந்தி எடுப்பதாக 1995இல் ஒருத்தியும் சொல்லவில்லை. மூன்றே வருஷத்தில் அது 11.3 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஒவ்வொரு முறையும் அறுபத்துச் சொச்சம் பெண்கள், டிவியோடு வேறு பல மாற்றங்களும் அந்தத் தீவுக்கு வந்திருக்கும். இருந்தாலும் பூஜ்யத்திலிருந்து பதினொன்று என்பதைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

சட்டம் போட்டுப் பார்த்தார்கள். இஸ்ரேல் 2012இல், பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 18.5க்குக் கீழே இருக்கும் மாடல்களை விளம்பரத்துக்கு எடுக்கக்கூடாது, உடம்பைச் செதுக்கிய படமென்றால் சொல்லிவிட வேண்டும் என்றது. பிரான்ஸில் 2017 அக்டோபரிலிருந்து, மாடலின் உடல்வாகை மாற்றிய விளம்பரப் படங்களில் 'திருத்தப்பட்ட புகைப்படம்' என்று அச்சிட வேண்டும், இல்லையென்றால் 37,500 யூரோ அபராதம். நார்வேயும் 2022இல் சேர்ந்துகொண்டது. நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரான்ஸ் சட்டம் விளம்பரத்தோடு நின்றுவிடுகிறது, பத்திரிகைக்காரர்கள் தாங்களே எடுத்துப் போடும் பக்கங்களுக்கு அது பொருந்தாது. அதோடு, இந்த மாதிரி வாசகத்தைப் போட்டும் போடாமலும் பெண்களிடம் படம் காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலானவை, வாசகம் இருந்தாலும் தன் உடம்பைப் பற்றிய மனக்குறை குறையவில்லை என்றுதான் சொல்கின்றன.

அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவளிடம் ஒரு அட்டையைக் காட்டி இங்கே பார், ஜன்னல் கம்பி வளைந்திருக்கிறது என்றேன். 'எடிட்னு எனக்கும் தெரியும் சித்தி, எங்க க்ளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா நல்லாருக்குல்ல?' என்றாள். என்னத்தைச் சொல்ல. அவள் போனிலேயே அதைவிட நன்றாக எடிட் செய்வாள். பொய் என்று தெரிவது ஒரு பக்கம், ஆசைப்படுவது இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கும். அதனால்தான் லேபிளை நான் பெரிதாக நம்புவதில்லை. பத்துப் படத்தில் பத்தும் ஒரே இடுப்பாக இல்லாமல் நாலு விதமான உடம்பைப் போடுவதுதான் வழி. 2012இல் அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த 14 வயது ஜூலியா ப்ளூம், செவன்டீன் என்ற டீன்ஏஜ் பெண்கள் பத்திரிகையிடம் ஏறக்குறைய இதைத்தான் கேட்டாள். மாசத்துக்கு ஒரு படத்தொகுப்பையாவது கைவைக்காமல் போடுங்கள் என்று. 80,000க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், பத்திரிகையும் இனி பெண்களின் உடலையும் முகத்தையும் வடிவம் மாற்ற மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. கேட்டது எவ்வளவு சின்ன விஷயம் பாருங்கள்.

இதில் ஆரோக்கியம் எங்கே வருகிறது? அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம். எடை கூடியவர்களைத்தான் நாம் கவனிக்கிறோம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது, ஊரே சொல்லிக்காட்டுகிறது. ரத்தம் இல்லாதது படத்தில் தெரியாது. சொல்லப்போனால் வெளுத்துப்போன முகமும் மெலிந்த கையும் அட்டையில் அழகாகவே விழும். குண்டாக இருந்துகொண்டே ரத்தமில்லாமல் இருக்கலாம், ஒல்லியாக இருந்துகொண்டே மாடிப்படி ஏற மூச்சு வாங்கலாம். அக்கா மகள் ஒல்லி ரகம், எல்லாரும் 'எப்படி மெயின்டெய்ன் பண்றே' என்று கேட்கும் ரகம். ஹீமோகுளோபின் 9.4. குறைந்தது 12 இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் அந்த நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வாந்தி வருகிறது என்று ஜன்னல் வழியாக எறிந்துகொண்டிருந்திருக்கிறாள். சாப்பிட்ட பிறகு போடு, காபியோடு போடாதே, காபி டீ எல்லாம் இரும்பை உடம்பில் சேரவிடாது என்று நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். எலுமிச்சைக்கும் நெல்லிக்காய்க்கும் இங்கேதான் நிஜமான வேலை, இரும்பு உடம்பில் சேர அவை உதவும்.

வேலையில் இருந்தபோது இதை ஒரு அட்டைக் கட்டுரையாகப் போடலாமே என்று கேட்டேன். மாத்திரையை எப்படிப் போட வேண்டும், கீரையோடு எதைச் சாப்பிட வேண்டும், மாதவிலக்கில் ரத்தம் எவ்வளவு போனால் டாக்டரிடம் போக வேண்டும், இப்படி. அட்டையில் ஒரு பஸ் கண்டக்டரோ நர்ஸோ, இடுப்பு மடிப்போடு. நல்ல ஐடியா, ஆனால் கடையில் தொங்கும்போது யார் எடுப்பார்கள் என்றார்கள். அவர்கள் கவலையும் பொய்யில்லை, அச்சுப் பத்திரிகை விற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். கடைசியில் உள்ளே அரைப் பக்கம் கொடுத்தார்கள். நானே லே-அவுட் செய்தேன். மீதி அரைப் பக்கத்துக்கு, ஒரே மாசத்தில் பத்து கிலோ குறைப்போம் என்ற ஸ்லிம்மிங் சென்டரின் விளம்பரம் வந்து சேர்ந்தது. அதையும் நான்தான் ஒட்டினேன்.