சிசிஐஇ லேப், பிரசெல்ஸ்: புறப்படும் முன் பார்க்க ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 6

சிசிஐஇ என்பது சிஸ்கோ நிறுவனம் வழங்கும் உயர்நிலை நெட்வொர்க் சான்றிதழ்; லேப் என்பது அதன் செய்முறைத் தேர்வு. ஜூன் 18 தேர்வு என்று வைத்துக்கொண்டால், வேலை இன்றே தொடங்க வேண்டும். லேப் கட்டணத்தைத் தேர்வுக்கு 90 நாட்களுக்கு முன்பே கட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் பணம் போனது போனதுதான். பெல்ஜியம் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கோ பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள். கூடுதல் ஆவணம் கேட்டால் 45 நாள் வரை போகும். ஆகவே விசா முதலில், கட்டணம் பிறகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்து தவிக்கிறார்கள்.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. தேர்வுக் கணக்கில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இனிஷியலை விரித்து எழுதுவதில்தான் பெரும்பாலும் சிக்கல் வரும்.

மார்ச் 18

கட்டணத்துக்கு இன்னும் இரண்டே நாள். கட்டுமுன், லேபுக்கு முன் தேற வேண்டிய 350-401 எழுத்துத் தேர்வில் தேறிய தேதியைப் பாருங்கள். அதிலிருந்து 3 ஆண்டுதான் லேப் எழுதத் தகுதி.

ஏப்ரல் 9

லேப் மொத்தம் 8 மணி நேரம். முதல் 3 மணி டிசைன்: சாதனம் எதையும் தொட முடியாது. மின்னஞ்சல்களையும் வரைபடங்களையும் படித்துப் பதில் சொல்ல வேண்டும். விட்டு வந்த கேள்விக்குத் திரும்ப வழியில்லை. அடுத்த 5 மணி கான்ஃபிகரேஷன், அதாவது சாதனங்களை அமைத்துச் சரிசெய்வது. இதில் கேள்விகளுக்கிடையே முன்னும் பின்னும் போகலாம். இரண்டு பகுதியிலும் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும், மொத்தத்திலும் தேற வேண்டும். டிசைனை "படித்தால் வந்துவிடும்" என்று ஒதுக்குவது ஆபத்து.

ஒரு கேள்வியில் ஐந்து நிபந்தனை இருந்து நான்கு சரியென்றால் அதற்கு மதிப்பெண் பூஜ்யம். ஓர் உதாரணம்: ஜிஆர்இ டன்னல் (இரு ரவுட்டர்களை இணைக்கும் மெய்நிகர் பாதை) இயங்கத் தொடங்குகிறது, சில நொடியில் விழுகிறது, மறுபடி வருகிறது. லாகில் ரிகர்சிவ் ரவுட்டிங் (பாதை தன்னையே சார்ந்து சுழல்வது) எச்சரிக்கை. டன்னலின் மறுமுனை முகவரிக்கான பாதையையே இஐஜிஆர்பி (ரவுட்டர்கள் பாதைகளைப் பரிமாறும் நெறிமுறை) டன்னல் வழியாகக் கற்றுக்கொண்டதுதான் காரணம். அந்த முகவரிக்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் நிலையான பாதை) போட்டால் டன்னல் விழுவது உடனே நின்றுவிடும். ஆனால் "ஸ்டாட்டிக் ரூட் கூடாது" என்று கேள்வியில் ஒரு வரி இருந்தால், டன்னல் ஜம்மென்று ஓடினாலும் மதிப்பெண் கிடையாது. அண்டர்லே முகவரி, அதாவது டன்னலுக்கு அடியில் உள்ள நிஜ நெட்வொர்க்கின் முகவரி, டன்னலில் ஓடும் இஐஜிஆர்பி புராசஸுக்குள் விளம்பரம் ஆகாமல் தடுப்பதே சரியான தீர்வு.

இன்னொரு ரவுட்டிங் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப், எக்ஸ்ஸ்டார்ட் என்ற தொடக்க நிலையிலேயே நின்றால் இரு முனையிலும் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 1400 என்றால் அது நகரவே நகராது.

மே 14

கீபோர்டைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பெல்ஜியத்தில் புழங்குவது அசெர்ட்டி அமைப்பு. அதில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ, எண்களுக்கு ஷிஃப்ட், பைப் (|) குறிக்கு ஆல்ட்-ஜிஆருடன் 1. தவறான முகவரிக்குப் போன டிரேஸ்ரூட்டை (பாதையைக் கண்டறியும் கட்டளை) நிறுத்த கன்ட்ரோல்-ஷிஃப்ட்-6 அழுத்தத் தேடும் விரலுக்கு இது பெரிய தொல்லை. உட்கார்ந்ததும், நேரம் ஓடத் தொடங்குமுன், பைப், கேள்விக்குறி, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-6 மூன்றையும் அழுத்திப் பாருங்கள். சரியில்லை என்றால் ப்ராக்டரிடம் (தேர்வுக் கண்காணிப்பாளரிடம்) அமெரிக்க அமைப்பு கேளுங்கள்.

ஜூன் 15

இரண்டு முழு நாளாவது முன்னதாக இறங்குங்கள். கிழக்கு நோக்கிப் பறந்து வருவோருக்குத் தூக்கம் சீராக இன்னும் கூடுதலாக வேண்டும். சோதனை மையம் நகர நடுவில் இல்லை, விமான நிலையத்தை ஒட்டிய டீகெமில். அறையை அந்தப் பக்கமே எடுங்கள். முந்தைய நாள், தேர்வுக்குப் போகும் அதே நேரத்தில் ஒருமுறை வாசல் வரை போய் வாருங்கள்.

ஜூன் 18

கான்ஃபிகரேஷன் பகுதி திறந்ததும் டைப் செய்யக் கை பரபரக்கும். அடக்குங்கள். முதல் 20 நிமிடம் எல்லாக் கேள்விகளையும் படித்து, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று தாளில் கோடு போடுங்கள். 12ஆம் கேள்வியின் தடை 3ஆம் கேள்வியின் விடையை மாற்றலாம். ஒவ்வொன்றையும் முடித்ததும் அதே ரவுட்டரில் பார்த்துத் திருப்திப்படாமல், மறுகோடியிலிருந்து, கேள்வி சொன்ன சோர்ஸ் முகவரியிலிருந்தே பிங் செய்து பாருங்கள். பிறகு சேமியுங்கள். 15 நிமிடம் ஒரே இடத்தில் சிக்கினால் குறித்துவிட்டு நகருங்கள். கடைசி 40 நிமிடத்தில் புதிதாக எதையும் தொடாமல் சரிபார்ப்பது மட்டுமே நல்லது. கடைசி நேரத்தில் மாற்றிய ஒரு ரூட்-மேப் (பாதைகளை வடிகட்டும் விதி) காலையில் செய்து முடித்த மூன்று கேள்விகளைச் சாய்த்துவிடும்.

ஜூன் 20

முடிவு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். கேள்விகளை எங்கும் எழுதாதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். ரகசிய ஒப்பந்தத்தை மீறினால் சான்றிதழே பறிபோகலாம். எந்தத் தொழில்நுட்பத்தில் கை மெதுவாக ஓடியது என்பதை மட்டும் குறித்து வையுங்கள். மறுபடி எழுத நேர்ந்தால் பயிற்சி அட்டவணையில் முதலில் நிற்க வேண்டியவை அவைதான்.