எரேமியா எழுதிய உறுதி

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் எந்தக் கூட்டம் கூடினாலும், அது திருநாள் செலவுக் கணக்கானாலும் பழுதான மின்விசிறியானாலும், பேச்சு கடைசியில் ஓரிடத்தில்தான் வந்து நிற்கும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் விசுவாசம் இல்லை." சொல்பவர் பெரும்பாலும் முன்வரிசையில் இருக்கும் ஒரு பெரியவர். அவருடைய மகன் மெல்பேர்னில், மகள் டொரன்டோவில். அவர்கள் அங்கே பூசைக்குப் போகிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்பது பங்கின் எழுதாத சட்டம்.

நான் கொட்டாஞ்சேனையில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். மற்ற நாட்களில் புதுக்கடையில் காணிப் பத்திரங்கள் எழுதும் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் எழுதுவினைஞர். வீட்டு உறுதி, காணி உறுதி, தனக்குப் பதிலாக இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் என்று கடதாசிகளோடு போகிறது பிழைப்பு. 2022 இல் எரிபொருள் வரிசையும் மின்வெட்டுமாக நாடு நொடித்த பிறகு எங்கள் மேசைக்கு வரும் கடதாசிகளின் குணமே மாறிவிட்டது. முன்பெல்லாம் மகளுக்குச் சீதனம் எழுதுவார்கள். அண்ணன் தம்பி காணியைப் பிரிப்பார்கள். பிரித்த கையோடு சண்டையும் பிடிப்பார்கள். இப்போது பலர் விற்கிறார்கள். விற்காதவர்கள் மாமாவுக்கோ சித்திக்கோ அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். கையெழுத்து வைக்க வரும் இளைஞர்களில் சிலர் என் வகுப்பில் இருந்தவர்கள். "சேர், எனக்காகக் கொஞ்சம் செபியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுப்பார்கள்.

பெரியவர்களின் குறையில் உண்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உறுதிபூசுதல் என்னும் அருட்சாதனம் பெற்ற மறுவாரமே வகுப்பில் பாதி வாங்குகள் காலியாகிவிடும். ஞாயிறு காலையில் டியூஷன் இருக்கிறது. கணிதமா மறைக்கல்வியா என்று வந்தால் எந்தத் தாயும் கணிதத்தைத்தான் தெரிவு செய்வாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. விகாரைகளின் அறநெறிப் பாடசாலைகளுக்கும் இதே தலைவலிதான். பாடகர் குழுவில் ஆண் குரல்கள் ஒவ்வொன்றாகக் கட்டாருக்கும் ருமேனியாவுக்கும் போய்விட்டன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி எல்லாச் சபைகளையும் சேர்த்தாலும் இந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. அதிலும் தமிழில் செபிப்பவர்களை மட்டும் தனியே எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் வாங்கு காலியாவதும் விசுவாசம் காலியாவதும் ஒன்றா? இந்த இடத்தில்தான் எனக்கும் முன்வரிசைக்கும் வழக்கு.

சிங்கள மொழிமூலத்தில் படிக்கும் ஒரு பிள்ளை வகுப்பில் இருக்கிறாள். வீட்டில் தமிழ், பாடசாலையில் சிங்களம். தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் வாசிக்க வேண்டும் என்று அவளாகவே கேட்டாள். தமிழ் எழுத்து தெரியாது. தாயிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, முழு வாசகத்தையும் சிங்கள எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து வாசித்தாள். "ழ" வரவில்லை, "ற" கொஞ்சம் இடறியது. பூசை முடிந்ததும் ஒரு பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார், உச்சரிப்பு சரியில்லையாம். பெரியம்மாவின் பேரப்பிள்ளைகள் எந்த மொழியிலும் வாசிக்க முன்வந்ததில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. தவக்காலம் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

இன்னொருவன் கேள்விக்காரன். கொச்சிக்கடையில் வளர்ந்தவன். செவ்வாய்தோறும் அங்குள்ள அந்தோனியார் கோவிலுக்குப் போகும் குடும்பம். ஒரு நாள் எழுந்து, "சேர், கோடி அற்புதர் என்கிறோம். தன் கோவிலையே அவர் ஏன் காப்பாற்றவில்லை?" என்று கேட்டான். வகுப்பு அப்படியே அடங்கிப்போனது.

21 ஏப்ரல் 2019 அன்று குண்டு வெடித்தபோது இவர்களெல்லாம் சின்னப் பிள்ளைகள். கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டி கோவில்கள், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள் என்று ஒரே காலையில் 260 க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சீயோனில் ஞாயிறு பள்ளி முடித்த பிள்ளைகள் பலர் இறந்தார்கள். ஞாயிறு பள்ளி எடுக்கிறவன் என்ற முறையில் அந்தச் செய்தியை நான் இன்னும் முழுதாகக் கடக்கவில்லை. அடுத்த ஞாயிறு கோவில்களில் பூசை இல்லை. கர்தினால் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியின் முன்னால் முழந்தாளிட்டுப் பார்த்தோம். அந்தோனியார் கோவிலைக் கடற்படையினர் திருத்திக் கொடுத்தார்கள். ஜூன் 12 ஆம் திகதி, திருநாளுக்கு முதல் நாள், கதவு திறந்தது. திறந்த அன்றே கூட்டம். அந்தக் கூட்டத்தில் கேள்விக்காரனும் தாயின் கையைப் பிடித்தபடி நின்றிருக்கிறான்.

அந்தத் தாக்குதலுக்கு ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு முன்னர்தான், மார்ச் 25 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் இளைஞர்களுக்கென்று ஒரு மடலில் கையொப்பமிட்டார். "கிறிஸ்து வாழ்கிறார்" என்பது அதன் முதல் சொற்கள்; அவரே நம் நம்பிக்கை என்று அது தொடரும். உயிர்ப்புத் திருவிழாக் காலையில் பிணங்களை எண்ணிய ஊரில் இந்த வரியைப் பாடமாக எடுப்பது எளிதல்ல. எடுத்தேன். கேள்விக்காரன் அன்று ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரமும் வந்தான், அதற்கடுத்த வாரமும் வந்தான். கடவுளைப் பற்றிக் கவலைப்படாதவனுக்கு அவர்மீது கோபம் வராது. "ஆமென்" என்று தூங்கிக்கொண்டே சொல்லும் எங்களில் பலரைவிட அவனுக்கு விசுவாசம் அதிகம் என்று நான் நினைக்கிறேன். பங்குத்தந்தையிடமும் இதைச் சொன்னேன். சிரித்தார், மறுக்கவில்லை.

அவனுக்குச் சட்டென்று ஒரு பதிலைச் சொல்லி உட்கார வைக்க எனக்கு விருப்பமில்லை. தொழில் வாசனையோடு, வேதத்தில் இறைவாக்கினர் எரேமியாவின் 32 ஆம் அதிகாரத்தை எடுத்தேன்.

கி.மு. 587. பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. நகரம் விழும் என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியாவைக் காவல்கூட முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் அனமேல் வருகிறான். "அனத்தோத்தில் இருக்கும் என் நிலத்தை நீர் வாங்கிக்கொள்ளும்" என்கிறான். நகரமே பறிபோகப் போகிறது, இவன் காணி விற்க வந்திருக்கிறான். சாமர்த்தியசாலி! இப்படிப்பட்ட உறவினர்களை எங்கள் அலுவலகத்தில் வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.

எரேமியா வாங்குகிறார். பதினேழு செக்கேல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை வைத்து, சாட்சிகளையும் ஒப்பமிட வைக்கிறார். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் தன் எழுத்தர் பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்த இடத்தில் நான் வகுப்பை மறந்து தொழிலுக்குப் போய்விட்டேன். நம் நாட்டில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாற நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒருமித்து முன்னிலையில் இருக்க வேண்டும். மூலப்பிரதி வாங்கியவருக்கு, இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்கு, இன்னொன்று நொத்தாரிசின் பெட்டகத்துக்கு. எரேமியாவின் உறுதியில் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். சிலர் கொட்டாவி விட்டார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அடுத்து வரும் செபம். கையெழுத்து வைத்து முடித்த பிறகுதான் எரேமியா ஆண்டவரிடம் கேட்கிறார்: நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போய்க்கொண்டிருக்கிறது, நீரோ என்னைச் சாட்சிகளை வைத்து நிலம் வாங்கச் சொன்னீரே! முதலில் காசு, பிறகு கேள்வி. கேள்வி இருந்ததால் அவர் கையெழுத்தை நிறுத்தவில்லை. கையெழுத்து வைத்ததால் கேள்வியையும் நிறுத்தவில்லை. கேள்விக்காரனின் முகத்தைப் பார்த்தேன். அவன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவனே கேட்டான்: "எரேமியா அந்த நிலத்தில் ஏதாவது விதைத்தாரா, சேர்?"

இல்லை. நகரம் எரிந்தது. மக்களை நாடு கடத்தினார்கள். மிஞ்சியவர்கள் எரேமியாவை அவர் விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் அனத்தோத்துக்குத் திரும்பியதாக வேதத்தில் எங்கும் இல்லை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் பெயர்ப் பட்டியல் எஸ்ரா 2 ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யாரும் வாசிக்காத அதிகாரம், வெறும் பெயரும் எண்ணிக்கையும். அதில் 23 ஆம் வசனம்: அனத்தோத்தைச் சேர்ந்தவர்கள் 128 பேர்.

இளைய தலைமுறையின் விசுவாசத்தைப் பற்றி நான் நம்பிக்கை என்று சொல்வது இதைத்தான். அடுத்த வருடம் வாங்குகள் நிறையும் என்று எனக்கு யாரும் வாக்குத் தரவில்லை. கட்டாருக்குப் போனவன் திரும்பி வந்து பாடகர் குழுவில் நிற்பான் என்றும் நான் சொல்லமாட்டேன். சட்டப்படி சரியாக எழுதி, மண்பாண்டத்தில் வைத்துவிட்டுப் போவது என் வேலை. எடுத்துப் பார்ப்பவர்களை நான் காணாமலே போகலாம். எங்களுக்கும் அப்படித்தானே வந்தது? ஒல்லாந்தர் 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தியபின், 1687 இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை பூசை வைக்க ஆளில்லை. முப்பது ஆண்டுகள் தாய்மாரும் பாட்டிமாரும் வீட்டுக்குள் செபமாலை சொல்லிக் காத்த விசுவாசத்தை வைத்துத்தான் அவர் வேலையைத் தொடங்கினார். 2015 இல் காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் தகப்பனின் தோளில் இருந்தார்கள். அந்தப் பாட்டிமார் ஒருவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

ஆகவே, அழுவதைக் கொஞ்சம் குறைத்து வேலையைப் பார்க்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து. வரும் மாதத்திலிருந்து பெரிய பிள்ளைகளின் வகுப்பைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றுகிறோம். டியூஷனோடு மல்லுக்கட்டி வென்றவர் கொழும்பில் யாரும் இல்லை. சிங்கள எழுத்தில் வாசகம் எழுதுவதற்குத் தடை இல்லை. கூடவே, விரும்பியவர்களுக்கு அரை மணி நேரம் தமிழ் எழுத்தும் சொல்லிக் கொடுக்கப்படும். அதற்கு அந்தப் பெரியம்மாவையே கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

எனக்கு இன்னும் இரண்டு துணை ஆசிரியர்கள் தேவை. இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கேள்வி கேட்டால் கோபப்படாதவராக இருந்தால் போதும். தேநீரும் பணிஸும் பிள்ளைகளே கொண்டுவருகிறார்கள்.