குரல் உடைந்த அபிமன்யு

சனிக்கிழமைகளில் மட்டக்களப்பில் மண்முனைப் பாலம் தாண்டி, வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்குப் போவேன். கோயில் மடத்தில் 17 பிள்ளைகள், 9 வயதிலிருந்து 16 வரை. கூத்துப் பழக்குவது அண்ணாவியார். கொப்பி எழுதுவதும், சண்டை விலக்குவதும், பிளேன்டி ஊற்றுவதும் என் வேலை.

இந்த முறை அபிமன்யு கதை, வடமோடி. எங்கள் பக்கத்துக் கூத்தின் இரண்டு பாணிகளில் ஒன்று அது. விடிய விடிய ஆடுகிற கூத்தை 40 நிமிடத்துக்குக் குறுக்கினேன். அண்ணாவியாருக்குப் பிடிக்கவில்லை. "பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வித்தியானந்தனும் 1960களில் குறுக்கித்தானே மேடை ஏற்றினவர்" என்றேன். அவர் வெற்றிலையை மென்றபடி மத்தளத்தைத் தட்டிப் பார்த்தார்.

நான் முதலில் வெட்டியது பிற்பாட்டை. ஆடுகிறவர் பாடிய அடியைப் பின்னால் நிற்பவர்கள் திரும்பப் பாடுவார்களே, அது. ஒன்றையே எதற்கு இரண்டு தரம் என்று நினைத்தேன். கால்மணி நேரம் மிச்சம் என்று சந்தோஷம் வேறு.

அபிமன்யுவுக்கு வந்த பையனுக்கு 13 வயது. மாசியில் வெள்ளிக் குரல். சித்திரை வருசம் கழிந்து வந்தான். பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடுகிற வரவுத் தருவின் இரண்டாம் அடியில் குரல் கிறீச்சிட்டு, கீழே விழுந்து, காணாமலே போனது. எல்லாரும் சிரித்தார்கள். குரல்வளை பெருக்கும், குரல் நாண்கள் நீண்டு தடிக்கும், ஆண்பிள்ளைக்குக் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி இறங்கும் என்பதெல்லாம் படித்தவள்தான் நான். (பெண்பிள்ளைகளுக்கும் இறங்கும். கொஞ்சம் என்பதால் ஒருவரும் கவனிப்பதில்லை.) அப்படியிருந்தும் அன்றைக்கு என் வாயில் வந்தது, "இன்னும் சத்தமாப் பாடு மனே."

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். சளி என்று நினைத்துத் தாய் மல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தா. அவன் கோழிக்கூட்டுப் பக்கம் நின்று, "எனக்கு ஏலா டீச்சர், வேற ஆளப் போடுங்க" என்றான். அதையும் இரண்டு குரலில்தான் சொன்னான்.

அண்ணாவியாரிடம் சொன்னபோது சிரித்தார். "குரலுக்கு மீசை முளைக்கிது, அவ்வளவுதான். நீங்க வெட்டினதத் திரும்பப் போடுங்க."

அப்போதுதான் விளங்கியது. கூத்தில் ஒருவரும் தனியே பாடுவதில்லை. ஆடி ஆடிக் களைத்தவனுக்கு மூச்சு வாங்கப் பிற்பாட்டு நேரம் கொடுக்கும். குரல் போனால் பாட்டைத் தூக்கிக்கொண்டு போகும். அந்தப் பிள்ளையை 40 நிமிடமும் தனியே விட்டது நான்.

பிறகு நடந்தது மெதுவான வேலை. ஆமாம் என்பதற்குச் சொல்கிற "ஓம்" என்பதை அவனைச் சாதாரணமாகச் சொல்லவைத்து அந்தச் சுருதியில் தொடங்கினோம். அங்கிருந்து நாலைந்து சுரம்தான் ஒழுங்காக நின்றது. அதற்குள் அடங்கும் அடிகள் அவனுக்கு. மேலே ஏறும் இடமெல்லாம் பிற்பாட்டுக்கு. அடுத்த கிழமை வந்தால் சுருதி இன்னும் இறங்கியிருக்கும். போனில் வைத்திருந்த சுருதிப்பெட்டி செயலியை மூடிவிட்டேன். அது ஒரே இடத்தில் நிற்கிறது, பையன் நிற்கவில்லையே. பாட்டில் குறைந்ததை அண்ணாவியார் காலில் வாங்கினார். அவன் சுழன்று ஆடுகிற கிறுக்கு ஆட்டம் இப்போது பெரிய ஆட்களுக்கே வராது.

போன சனி அடுக்குப் பார்த்தோம், அதாவது முழுக் கூத்தையும் ஒத்திகை பார்த்தோம். வியூகத்துக்குள் போகும் இடத்தில் குரல் மறுபடி உடைந்தது. பின்னால் நின்ற பெண்பிள்ளைகள் ஒரு தாளமும் விடாமல் அடியைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் சதங்கை குலுங்கச் சுற்றி வந்து அடுத்த அடியில் சேர்ந்தான். கூத்து 55 நிமிடம் போனது. நான் மணிக்கூட்டைப் பார்த்ததை அண்ணாவியார் பார்த்துவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

முடிந்து பிளேன்டி ஊற்றும்போது 10 வயதுக்காரன் ஒருவன் என் சீலையைப் பிடித்து இழுத்தான்.

"டீச்சர், எனக்கு எப்ப உடையும்?"