தேதி விழுந்தால் போர்

புளியரை தாண்டி, கேரள எல்லைக்குள் ஆரியங்காவு. லாட்டரிக் கடையில் ஒரு தென்காசி அண்ணாச்சி கடைசி இலக்கமாகத் தன் பிறந்த தேதியையே தேடிக்கொண்டிருந்தார்.

1969 டிசம்பர் 1, அமெரிக்காவில் பிறந்த தேதிக்கே குலுக்கல் நடந்தது. பரிசு, வியட்நாம் போருக்கான ஆளெடுப்பு.

1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்கள். 366 தேதிகள், 366 நீலக் குப்பிகள். குப்பி வந்த வரிசைதான் அந்தத் தேதியின் எண்; சின்ன எண்ணுக்கு முதல் அழைப்பு. முதலில் வந்தது செப்டம்பர் 14. கடைசியில் 195ஆம் எண் வரை அழைத்தார்கள்.

கோளாறு கலக்கியதில்தான். ஜனவரிக் குப்பிகளை முதலில் பெட்டியில் போட்டு, பிப்ரவரி, மார்ச் என்று மாதம் மாதமாகச் சேர்த்தார்கள். டிசம்பர் கடைசி. பெட்டியைச் சில தடவை குலுக்கி, அப்படியே கண்ணாடி ஜாடியில் கொட்டினார்கள். சாம்பார்ப் பொடியைக்கூட நாம் இதைவிட நன்றாகக் கலப்போம்!

விளைவு: டிசம்பரின் 31 தேதிகளில் 26 அந்த 195-க்குள் மாட்டின. ஜனவரியில் 14தான்.

அடுத்த ஆண்டு இரண்டு உருளைகள் வைத்தார்கள். ஒன்றில் தேதி, மற்றதில் எண். இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்தார்கள்.

நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டதுதானே. ஜூன் 1 என்று எழுதியிருந்தால் எண் 249, தப்பித்தார்கள். ஜூன் 4 என்றால் 20. மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அண்ணாச்சிக்கு அவர் கேட்ட இலக்கம் கிடைக்கவில்லை. வேறொன்றை வாங்கிக்கொண்டு செங்கோட்டை பஸ் ஏறினார்.