பேபேயின் கேஸ்கி

பிப்ரவரி 26

எங்கள் வீட்டு மூத்தவரான பேபேயின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பஞ்சாபின் பட்டிண்டாவிலிருந்து இரவு ரயிலில் பிகானேர் வந்து சேர்ந்தோம். மருத்துவமனையில் கொடுத்த பச்சை அங்கியை மறுப்பின்றி அணிந்துகொண்ட பேபே, சீக்கிய நெறிப்படி அணியும் அரைக்கால் உள்ளாடையான கச்சேராவைக் கழற்ற மட்டும் சம்மதிக்கவில்லை. குளித்து மாற்றும்போதுகூடப் பழையதில் ஒரு காலை வைத்துக்கொண்டே புதியதில் மறுகாலை நுழைப்பவர் அவர். 1999 இல் அனந்த்பூர் சாஹிபில் அமிர்தம் அருந்தி தீட்சை பெற்ற நாள்முதல் அந்த வழக்கம் பிசகியதில்லை. நான் விளக்கம் சொல்லத் தொடங்கியபோதே செவிலிப்பெண் திரையை இழுத்துவிட்டு, "இருக்கட்டும், மாதாஜி" என்றாள்.

பிப்ரவரி 27

ஸ்கேனுக்கு முன் கராவைக் கழற்றச் சொன்னார்கள். முன்பெல்லாம் சோப்பு தேய்த்தாலும் மணிக்கட்டைத் தாண்டாத அந்த இரும்பு வளையம், இன்று கையைத் தாழ்த்தியதுமே என் உள்ளங்கையில் விழுந்துவிட்டது.

பிப்ரவரி 28

முதல் மருந்து ஏறியது.

மார்ச் 15

காங்கா சீப்பில் முடி கொத்தாக வருகிறது.

மார்ச் 16

நாளுக்கு இருமுறை தலை வாருவதை பேபே இன்னும் நிறுத்தவில்லை. உதிர்ந்ததையெல்லாம் உருட்டி, ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து வைக்கிறார். மழித்துவிட்டால் தலையணை எங்கும் முடி சிதறாது, மனமும் ஒரே நாளில் பழகிவிடும் என்று அடுத்த வீட்டு அக்கா சொன்னார், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். பேபே நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தானாகப் போவது அவன் ஆணை, கத்தி வைப்பது என் கை" என்றார். இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு முடியைக்கூட வெட்டாதவரின் தலையில் எந்த ரோமம் எப்போது விழும் என்று நான் ஒவ்வொரு காலையும் எண்ணிக்கொண்டிருப்பது எனக்கே பொறுக்கவில்லை. எரிப்பதற்காக அந்தத் துணி முடிச்சை எடுத்தபோது அது ஒரு குருவியின் எடைகூட இல்லை.

மார்ச் 19

2009 இல் எனக்குப் பத்தொன்பது வயது. புருவம் திருத்தியதால் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட ஒரு மாணவியின் வழக்கில், வெட்டாத கேசம் சீக்கிய நெறியின் இன்றியமையாத பகுதி என்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த செய்தியை பேபே நாளிதழில் எனக்குப் படித்துக் காட்டினார். அந்த வாரம்தான் நான் முதன்முறையாகப் புருவத்தில் நூல் போட்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தாளை மடித்தார், தேநீர் வைக்க எழுந்து போனார். ஏன் செய்தாய் என்று அன்று முதல் இன்று வரை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு பதில் வைத்திருந்தேன்.

மார்ச் 25

இன்று தலையில் ஒன்றும் மிச்சமில்லை.

மார்ச் 26

பேபேயின் தலைப்பாகையான கேஸ்கி நிற்க மறுக்கிறது. உள்ளே ஜூடா, அதாவது முடிக்கொண்டை, இருந்தால்தான் சுற்றுகளுக்குப் பிடிமானம் கிடைக்கும் என்பதை இத்தனை நாள் அருகில் நின்று பார்த்தும் நான் உணர்ந்ததில்லை. வழக்கமான ரூபியா தலைப்பாகைத் துணி வழுக்கி நெற்றியில் இறங்கியது. அடியில் ஒரு பருத்தித் துண்டை இறுக்கிக் கட்டி, மேலே பழைய மல்மல் துணியைச் சற்று ஈரமாகவே சுற்றியபோது நின்றது. பூனி பிடிக்க, அதாவது துணியை நீளவாக்கில் இழுத்து மடிக்க, இன்னொருவர் வேண்டும் என்பதால் துணியின் மறுமுனையைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டிவிட்டு நான் இந்த முனையை மடித்தேன். பெண்கள் தலைப்பாகை கட்டுவதை சீக்கிய நடத்தை விதித் தொகுப்பான ரேஹத் மரியாதை அவரவர் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் தலையில் போடும் சுன்னித் துப்பட்டாவோடு நிறுத்திக்கொண்டார்கள், பேபே ஒருவர்தான் விரும்பிக் கட்டினார். காங்காவைச் செருக இடமில்லாமல் அவர் வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு கம்மீஸின் பையில் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 3

பேபேயின் புருவங்களும் போய்விட்டன. வெளியே போகும்போது சுன்னியை முகத்தின்மேல் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள் என்று என் அத்தை புவா சொன்னதற்குத்தான் இந்த நோய் நாள்களிலேயே முதன்முறையாகக் கோபப்பட்டார். குரு அமர்தாஸ் பெண்களின் முகத்திரையை விலக்கச் சொன்னது எதற்காக, நான் இப்போது போய் மூடிக்கொள்ளவா என்று கேட்டார். பிறகு மூச்சு வாங்கியது. நான் புவாவை வெளியே அழைத்துப்போனேன்.

ஏப்ரல் 7

கராவில் நூல் சுற்றிக் கொடுத்தேன். இனி நழுவாது.

ஏப்ரல் 10

புருவத்தில் நூல் போட்டு ஏழு வாரம் ஆகிறது. அழகு நிலையத்திலிருந்து வந்த அழைப்பை எடுக்கவில்லை. இது நேர்த்திக்கடனா, இரக்கமா, வெறும் நேரமின்மையா என்று எனக்கே தெரியாத நிலையில் இதை அவருக்குச் செய்ததாக எண்ணிக்கொள்ளக் கூடாது என்று இருக்கிறேன். இன்று மருந்து கொடுக்கக் குனிந்தபோது, பேபே என் புருவத்தை விரலால் ஒருமுறை தடவினார். ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 12

நாளை வைசாகி. குருத்வாராவுக்கு வந்தே தீருவேன் என்கிறார். நீலமா, குங்குமப்பூ நிறமான கேசரியா என்று மாலை முழுவதும் இரண்டு துணிகளையும் மடியில் வைத்திருந்து, கடைசியில் நீலத்தை என்னிடம் கொடுத்தார். கேசரியை எனக்கு நேரே நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.