டாக்டர் கேத்தரின் ஹாம்லின்

இவரைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவில் 1924-ல் பிறந்த மகப்பேறு மருத்துவர். 1959-ல், மருத்துவரான கணவர் ரெஜினால்டுடன், மூன்று வருட ஒப்பந்தத்தில் எத்தியோப்பியா போனார். அப்புறம் அதுவே ஊராகிவிட்டது. 2020 மார்ச்சில், 96 வயதில், அடிஸ் அபாபாவிலேயே காலமானார்.

பிரசவ ஃபிஸ்துலா என்றால் நம்மில் பலருக்குத் தெரியாது. வலி நாள்கணக்கில் நீளும். சிசேரியன் செய்ய ஆள் இருக்காது. குழந்தையின் தலை இடுப்பெலும்போடு அழுத்தி அழுத்தி நடுவிலுள்ள திசு செத்து, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஓட்டை விழும். குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். அதற்குப் பிறகு இரவும் பகலும் சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கும். நாற்றம் என்று எத்தனையோ கணவர்கள் விலக்கி வைத்துவிடுவார்கள். என்ன கொடுமை!

இவர்களுக்காகவே 1974-ல் இருவரும் தனி மருத்துவமனை திறந்தார்கள். 1993-ல் கணவர் இறந்த பிறகும் கேத்தரின் ஊர் திரும்பவில்லை. அவர் உருவாக்கிய மருத்துவமனைகளில் 60,000-க்கும் மேற்பட்ட பெண்கள் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். குணமாகிப் போகும்போது கையில் ஒரு புது உடையும் கொடுத்து அனுப்புவார்கள்.

மமிட்டு காஷே இந்தத் தம்பதியிடம் அப்படி நோயாளியாக வந்தவர்தான். பள்ளிக்கூடமே போகாதவர். இவர்களோடேயே தங்கி, படுக்கை விரித்து, ஆபரேஷன் தியேட்டரில் கையுதவியாக நின்று, கடைசியில் அதே அறுவை சிகிச்சையைத் தானே செய்யும் அளவுக்கு வளர்ந்தார். கேத்தரின் செய்ததிலேயே பெரியது இதுதான் என்பேன்.

ஓட்டையைத் தைத்தால் மட்டும் போதாது, அது விழாமல் தடுக்க வேண்டும் என்று 2007-ல் பிரசவம் பார்க்கும் செவிலியருக்கான கல்லூரியையும் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 83.